ரூத்தின் அடைமொழி

யூதராக மாறுவதைச் சொல்லும் கதைகளில், பழைய ஏற்பாட்டின் ரூத் கதைக்கு இணையாக நான் வேறொன்றைப் படித்ததில்லை. நாலே அத்தியாயம். மோவாப் தேசத்து ரூத், புருஷனை இழந்தவள். இஸ்ரவேல் குலத்து மாமியார் நகோமி திரும்பத் திரும்பத் தடுத்தும் அவள் கூடவே புறப்படுகிறாள். மாமியாரின் ஜனத்தை முதலில் தன் ஜனமாக்கிக்கொள்கிறாள். தெய்வம் அதற்கு அடுத்துத்தான். சடங்கில்லை, உபதேசமில்லை.

ஆனால் கதாசிரியர் உலகமறிந்தவர். பெத்லெகேமுக்கு வந்து வயலில் கதிர் பொறுக்கும்போதும் ‘மோவாபியப் பெண்’ என்ற அடைமொழி அவளை விடவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் போவாஸ் அவளை மனைவியாக ஏற்ற பிறகே அது உதிர்கிறது. அவளுடைய பேரனின் மகன்தான் தாவீது ராஜா!

மதம் மாறி வந்தவரைப் பூர்வீகம் சொல்லிக் குத்தக் கூடாதென்று பிற்காலத்தில் தால்மூத் விதித்தது. விதி செய்ய வேண்டியிருந்ததென்றால், ஊர் வாய் எப்படி இருந்திருக்கும்!