இரவலும் களவும்

இந்துஸ்தானி இசை அரங்குகளில் ஒரு மரபு உண்டு. பாடகர் தம் ஆசானின் பெயரை உச்சரிக்க நேரும்போது தம் காது மடலைத் தொட்டுக் கொள்வார். ஆசான் மறைந்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கலாம். அவரைக் கேட்டவர் அவையில் ஒருவர்கூட இல்லாமலிருக்கலாம். எனினும் கை தானாகக் காதுக்குச் செல்லும். 'இது என்னுடையதன்று, இன்னாரிடமிருந்து எனக்கு வந்தது' என்பதே அச்செய்கையின் பொருள்.

இந்தித் திரையிசை இம்மரபுக்கு அயலானதன்று. அதனால் ஊட்டி வளர்க்கப்பட்டதே. ஆனால், திரைக்கு வந்தபின் அந்தக் கை காதுக்குச் செல்வதை மறந்து விட்டது. 'இசை: இன்னார்' என்று ஒரே ஒரு பெயர் திரையில் தோன்றும். அந்த மெட்டு எங்கே பிறந்தது, யார் தொண்டையில் வளர்ந்தது, எப்படி இங்கு வந்து சேர்ந்தது என்பதை அந்த ஒரு பெயர் மூடி மறைத்து விடுகிறது. தூண்டுதல் எது, திருட்டு எது என்னும் பழைய வழக்கை நாம் இங்கே மீண்டும் எடுத்துக் கொள்வதற்குக் காரணம் இதுவே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுவோம். இராகம் பொதுச் சொத்து. 1952-இல் வெளிவந்த 'பைஜு பாவ்ரா' படத்தில் நவ்ஷாத், மால்கௌன்ஸ் இராகத்தில் ஒரு பக்திப் பாடலை அமைத்தார். ஹரியின் தரிசனத்துக்கு ஏங்கும் அப்பாடலை எழுதியவர் ஷகீல் பதாயூனி. பாடியவர் முஹம்மது ரஃபி. மூவரும் முஸ்லிம்கள். மால்கௌன்ஸ் உங்களுடையதா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. இராகம் ஆற்று நீர். அதை மொண்டு வந்து ஒருவர் தம் கைவண்ணத்தால் சமைத்ததே மெட்டு. ஆற்றில் எவரும் மொள்ளலாம். அடுத்தவர் அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிச் செல்லலாகாது.

'உள்ளவை ஏழு சுரங்கள்; அவற்றுக்குள் எத்தனை மெட்டுகள்தாம் புதிதாகப் பிறக்கும்?' என்று வாதிடுவோர் உண்டு. தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள்தாம். அவற்றைக் கொண்டே கம்பரும் பாடினார். அவர் வகுத்த காப்பிய வழியில் நடந்து உமறுப் புலவரும் பாடினார். சீறாப்புராணத்தைக் கம்பராமாயணத்தின் நகல் என்று சொல்லத் துணிபவர் எவருமில்லை. வழி ஒன்றாயிருத்தல் வேறு. நடப்பவர் கால்கள் வேறு.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். மொஸார்ட் 1788-இல் இயற்றிய நாற்பதாம் சிம்ஃபொனியின் தொடக்கத்தை, சலீல் சௌத்ரி 1961-இல் 'சாயா' படத்தின் காதற் பாடலொன்றுக்கு எடுத்துக் கொண்டார். தலத் மஹ்மூதும் லதா மங்கேஷ்கரும் பாடிய அப்பாடலை நாம் எத்தனையோ முறை கேட்டு நெகிழ்ந்திருக்கிறோம். முதல் அடி மொஸார்ட்டினுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால், அவ்வடி எங்கே செல்கிறது என்று கவனிக்க வேண்டும். பெருங்குழு வாத்தியங்களின் பதற்றமாக இருந்தது, இங்கே ஒரு நாடோடிக் காதலனின் தயக்கமாக மாறி, மொஸார்ட் செல்லாத திசைகளுக்குச் சென்று திரும்புகிறது. எடுத்தவர் தம்முடையதையும் சேர்த்திருக்கிறார். மேலும், உலகமே அறிந்த மெட்டு அது. மறைக்க முயன்றாலும் மறையாது. எவருடைய பிழைப்பும் அதனால் கெடவில்லை.

மற்றொரு செய்தி இசையன்பர்களிடையே நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருவது. 1952-இல் 'ஸங்க்தில்' படத்துக்காக ஸஜ்ஜாத் ஹுசைன் அமைத்த பாடலொன்றின் சாயலில், 1958-இல் 'ஆக்ரீ தாவ்' படத்தில் மதன் மோகன் ஒரு பாடலை அமைத்தார். ஸஜ்ஜாத் முன்கோபத்துக்குப் பெயர் பெற்றவர். இதைப் பற்றி அவர் நேரிலேயே கேட்டபோது, பின்பற்றத் தக்கவராகத் தங்களைத் தவிர வேறொருவரை நான் காணவில்லை என்னும் பொருள்பட மதன் மோகன் விடையிறுத்தாராம். ஸஜ்ஜாதின் சினம் அத்துடன் தணிந்ததாம். நிகழ்ச்சி சொல்லப்படும் விதமாகவே நடந்ததோ இல்லையோ, அதன் உட்பொருள் உண்மையானது. அங்கே ஒரு கை காதைத் தொட்டிருக்கிறது.

நம் கருத்துக்கு மிக நெருக்கமான சான்று 1960-இல் வந்த 'பர்ஸாத் கீ ராத்' படத்தின் கவ்வாலி. பன்னிரண்டு நிமிடங்களுக்குக் குறையாத அந்தப் பாடலுக்கு இணையான கவ்வாலி இந்தித் திரையில் அதற்கு முன்னும் பின்னும் தோன்றவில்லை என்று சொல்வது மிகையாகாது. இசையமைத்தவர் ரோஷன். அதன் கருவோ, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் வாழ்ந்த உஸ்தாத் ஃபதேஹ் அலீ கான், முபாரக் அலீ கான் ஆகியோர் பாடி வந்த கவ்வாலியிலிருந்து பெறப்பட்டது. ரோஷன் அதனை ஒரு போட்டி அரங்கின் பெருங்காட்சியாக விரித்தார். சாஹிர் லுதியான்வியோ, இறைக்காதலையும் மனிதக் காதலையும் பிரிக்க முடியாதபடி பின்னிப் புதிய அடிகளை எழுதினார். ரஃபி, மன்னா டே, ஆஷா போஸ்லே, சுதா மல்ஹோத்ரா முதலியோர் குரல்கள் அதில் கலந்தன. பெற்ற விதை ஒரு மரமாக வளர்ந்திருக்கிறது. இது திருட்டு என்று சொல்ல நம் நா எழவில்லை. எனினும், அந்தப் பாடலைக் கொண்டாடும் இலட்சக்கணக்கானோருள் அவ்விரு சகோதரர்களின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? கலை மன்னித்து விட்டது; கடன் தீரவில்லை.

அந்தக் கடன் அடுத்த தலைமுறையில் வட்டியோடு பெருகியது. ஃபதேஹ் அலீ கானின் மகனே நுஸ்ரத் ஃபதேஹ் அலீ கான். தந்தையின் கவ்வாலியிலிருந்து ஒரு விதை போயிற்று. மகனின் கவ்வாலியிலோ மரங்களே வேரோடு பெயர்க்கப்பட்டன. அவர் பாடி உலகெங்கும் பரவிய 'தம் மஸ்த் கலந்தர்' 1994-இல் 'மோஹ்ரா' படத்தில் ஒரு கவர்ச்சி நடனத்தின் மெட்டாயிற்று. அடுத்த ஆண்டே 'யாரானா' படத்தில் அவருடைய இன்னொரு பாடல், பல்லவியின் சொற்கள்கூட மாறாமல் இடம் பெற்றது. 1997-இல் வந்த 'ஔஸார்' படத்தில் நடந்ததோ இவை எல்லாவற்றையும் விடக் கொடியது. 'அல்லாஹூ' என்று அவர் ஓதிய கவ்வாலியின் மெட்டில் இறைவனின் திருநாமம் இருந்த இடத்தில் 'ஐ லவ் யூ' என்னும் ஆங்கிலச் சொற்கள் வைக்கப்பட்டன.

இதனை மத உணர்ச்சியின் பேரால் மட்டும் நாம் கண்டிக்கவில்லை. கலையின் பேராலும் கண்டிக்கிறோம். திக்ரு என்பது ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் சொல்வதன்று. சொல்லச் சொல்லச் சொல்பவன் கரைவது. நுஸ்ரத்தின் குரல் படிப்படியாக ஏறுவதும், கைத்தாளம் விரைவதும், உடன் பாடுவோர் அந்த ஒரு நாமத்தில் வந்து விழுவதும் அந்தக் கரைதலுக்காகவே. நாமத்தை எடுத்து விட்டால் அந்த ஏற்றத்துக்குக் காரணமே இல்லை. வெறும் ஓட்டம்தான் மிஞ்சும். மெட்டைத் திருடியவர் மெட்டின் காரணத்தைத் திருட முடியவில்லை. நுஸ்ரத் இதற்காக வருந்தினார் என்பதும், பக்திப் பாடல்களையாவது விட்டு வைத்திருக்கலாமே என்பது அவர் குறையாக இருந்தது என்பதும் யாவரும் அறிந்தவை. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

கேட்டிருந்தால் அவர் கொடுத்திருக்க மாட்டாரா? 1997-இல் 'ஔர் பியார் ஹோ கயா' என்னும் இந்திப் படத்துக்கு அவரே இசையமைத்தார். அவர் மறைவுக்குப் பின் 1999-இல் வந்த 'கச்சே தாகே' படமும் அவர் இசையைக் கொண்டதே. கதவு திறந்திருந்தது. திறந்த கதவின் வழியே வர மனமில்லாதவர்களே சுவரேறிக் குதித்தனர்.

இத்தகைய களவால் நேரும் பெருங்கேடு பணம் பற்றியதன்று. திரைப்பாடலை முதலில் கேட்டு வளர்ந்த ஓர் இளைஞன் பின்னொரு நாள் மூலப் பாடலைக் கேட்கிறான். 'அட, இவர் அந்தப் படப்பாட்டைக் காப்பியடித்திருக்கிறாரே' என்கிறான். மூலம் நகலாகி, நகல் மூலமாகி விடுகிறது. பொருளை இழந்தவன் மீண்டும் தேடிக் கொள்ளலாம். பெயரை இழந்தவன் என்ன செய்வான்?

இதற்கெல்லாம் இசையமைப்பாளரை மட்டும் குற்றஞ் சாட்டுவது முழு நீதியாகாது. வெளிநாட்டு இசைத்தட்டொன்றைக் கையில் கொடுத்து, 'இதைப்போலவே வேண்டும்' என்று கேட்ட தயாரிப்பாளருக்கும் பங்குண்டு. சட்டத்துக்கும் பங்குண்டு. படத்துக்காகக் கூலி பெற்று அமைத்த பாடலுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாம் பெற்ற பிள்ளைமீதே தமக்கு உரிமையில்லை என்றறிந்தவர், பிறர் பிள்ளையின் உரிமையைப் பற்றிக் கவலைப்படுவாரா? பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமைத்தொகைப் பங்கை விட்டுக் கொடுக்குமாறு ஒப்பந்தத்தால் கட்டாயப்படுத்த முடியாது என்னும் நிலை 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் கவிஞர் ஜாவேத் அக்தர்.

'இத்தனை வினாடிகள் வரை எடுத்துக் கொள்ளலாம்' என்று ஒரு கணக்கு திரையுலகில் உலவுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படியொரு கணக்கே இல்லை. 2008-இல் 'க்ரேஸி 4' படத்தின் பாடல்களில் தம் விளம்பர இசை எடுத்தாளப்பட்டதாக ராம் சம்பத் பம்பாய் உயர்நீதிமன்றத்தை நாடினார். எடுத்த அளவு சிறிதாயினும் அது பாடலின் உயிர்நிலையாக இருப்பின் நகலே என்னும் நோக்கில் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு கோடி ரூபாய் கொடுத்துத் தரப்பினர் இணங்கிப் போயினர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அப்படத்தின் இசையமைப்பாளர் ராஜேஷ் ரோஷன். 'பர்ஸாத் கீ ராத்' ரோஷனின் மகன். தந்தையிடம் கணக்குக் கேட்பார் எவருமில்லை. மகனின் காலத்தில் நீதிமன்றமே கேட்டது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 'டிஸ்கோ டான்ஸர்' முதலிய படங்களில் மேனாட்டு மெட்டுகளைத் தாராளமாக எடுத்தாண்டவர் என்று பப்பி லாஹிரிமீது குற்றச்சாட்டு உண்டு. 1981-இல் 'ஜோதி' படத்துக்கு அவர் அமைத்த ஒரு பாடலை, 2002-இல் அமெரிக்கப் பாடகி ஒருவரின் இசைத்தொகுப்பில் அனுமதியின்றிச் சேர்த்து விட்டனர். வழக்கு லாஸ் ஏஞ்செல்ஸ் நீதிமன்றத்துக்குச் சென்றது. லாஹிரியின் பெயரைப் பொறிக்காமல் அத்தொகுப்பை விற்கலாகாது என்று 2003-இல் நீதிபதி ஆணையிட்டார். பெயர்! கடைசியில் அவருக்கும் வேண்டியிருந்தது அதுதான்.

பிறரைச் சொல்லும் நாம் நம் வீட்டையும் பார்த்துக் கொள்ள வேண்டும். மீலாது மேடைகளிலும் திருமண வீடுகளிலும் ஒலிக்கும் நம் தமிழ் இஸ்லாமியப் பாடல்கள் பலவற்றுக்கு இந்திப் படப் பாடல்களே மெட்டைத் தந்துள்ளன. புனிதச் சொல்லை எடுத்து விட்டுக் காதற் சொல்லை வைத்தது தவறெனில், காதற் சொல்லை எடுத்து விட்டுப் புனிதச் சொல்லை வைத்ததால் மட்டும் மெட்டு நமக்குச் சொந்தமாகி விடாது. ஆனால், நம் முன்னோர் ஒரு நேர்மையைக் கடைப்பிடித்தனர். பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். நந்தனார் சரித்திர மெட்டில் எழுதியபோது பாரதியாரும் அவ்வாறே குறித்தார். அதனால் பாரதி சிறியவராகி விடவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியும் மறக்கப்படவில்லை. அந்த ஒற்றை வரிதான் இரவலைக் களவாகாமல் காத்தது.

எனவே நம் அளவுகோல் இரண்டே. எடுத்தவர் தம்முடையதாக எதைச் சேர்த்தார்? கொடுத்தவரின் பெயரைச் சொன்னாரா? முதல் கேள்விக்கு விடை தருவது திறமை. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இரண்டாவதற்கு விடை தருவது நேர்மை. அதற்கு ஒரு வரி போதும். திறமை குறைந்தவரை இரசிகர்கள் மறந்து விடுவார்கள். அது அவருக்குப் போதிய தண்டனை. பெயரை மறைத்தவரையோ, அவருடைய மெட்டை நாம் முணுமுணுக்கும் ஒவ்வொரு முறையும், நாமும் சேர்ந்தே மறைக்கிறோம்.

இனி அந்தக் கவ்வாலியை வானொலியில் கேட்கும்போது, உஸ்தாத் ஃபதேஹ் அலீ கான், முபாரக் அலீ கான் என்னும் பெயர்களையும் நாம் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்வோம். சொல்லும்போது கை காதைத் தொடட்டும்.