‘எதிலிருந்தும் அன்று’: இடைக்கால யூத மெய்யியலின் படைப்புத் தொடரும் தமிழாக்கமும்

முன்னுரை

மும்பையை அடுத்த தாணே மாவட்டத்திலுள்ள அம்பர்நாத் சிவன் கோயில், சிலாகார மன்னர் மும்முணியின் காலத்தில் சக ஆண்டு 982இல் (கி.பி. 1060) நிறைவுற்றதை அக்கோயிற் கல்வெட்டால் அறியலாம். மக்கள் வழக்கோ அதனைப் பாண்டவர் கட்டியதாகக் கூறும். இக்கோயில் எழுந்து ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழிந்தபின், ஸ்பெயின் நாட்டு யூதக் கவிஞர் யூதா ஹலேவி ‘கூசாரி’ என்னும் உரையாடல் நூலை அரபு மொழியில் எழுதி முடித்தார். அந்நூலில் கசார் மன்னன் யூத அறிஞரிடம் ஒரு வினா எழுப்புகிறான். இந்தியர் தம் நாட்டில் பல நூறாயிரம் ஆண்டுப் பழமையுடைய கட்டடங்கள் உள்ளன என்கின்றனரே. உலகம் குறித்த காலத்தில் படைக்கப்பட்டது என்னும் நம்பிக்கையை இது குலைக்காதா என்பது வினா. பலரும் ஒருமனதாக ஏற்ற நூலோ உறுதியான மரபோ அக்கூற்றுக்கு இருப்பின் குலைக்கும். அவ்வாறு இல்லை என்பது அறிஞரின் விடை.

ஹலேவியின் நண்பர் ஹல்போன் பென் நெத்தனேல் இந்தியா வரை வந்து வணிகம் செய்தவர். கொங்கணக் கரையிலுள்ள தாணேயின் பெயரும் கெய்ரோ கெனிசா மடல்களில் இடம்பெறுகிறது. ஆகவே யூத மெய்யியலுக்கு இந்தியா முற்றிலும் அயலான பெயர் அன்று. எனினும் அம்மெய்யியலின் நடுநாயகமான படைப்புக் கொள்கையைத் தமிழில் கூறப் புகும்போது இடர்ப்பாடு நேர்கிறது. ‘இன்மையிலிருந்து படைத்தான்’, ‘சூனியத்திலிருந்து படைத்தான்’ என்னும் வழக்கமான தொடர்கள் மூலத்தின் கருத்தைத் தருகின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலத் தொடரின் அமைப்பு

சாதியா காவோன் (882-942) முதல் மைமோனிடிசு (1138-1204) வரை அரபு மொழியில் எழுதிய யூத அறிஞர்கள் ஆண்ட தொடர் ‘லா மின் ஷை’ என்பது. ‘லா’ எதிர்மறை, ‘மின்’ நீங்கற்பொருள் உணர்த்தும் இடைச்சொல், ‘ஷை’ பொருள். இங்கே எதிர்மறை, ‘பொருள்’ என்னும் சொல்லை மட்டும் தழுவாமல், ‘பொருளிலிருந்து’ என்னும் தொடர் முழுவதையும் தழுவுகிறது. உலகம் எதிலிருந்தும் தோன்றியது அன்று என்பதே கருத்து. ‘இன்மை’ என்ற ஒன்றிலிருந்து தோன்றியது என்பது கருத்தன்று.

எபிரேய மொழியில் வேரூன்றிய ‘யேஷ் மே அயின்’ என்னும் தொடரின் அமைப்பு வேறு. ‘யேஷ்’ உள்ளது, ‘மே’ இருந்து, ‘அயின்’ இல்லது. இங்கு எதிர்மறை பெயருக்குள் ஒடுங்க, நீங்கல் உருபு உடன்பாடாய் நிற்கிறது. இவ்வேறுபாடு இலக்கண நுட்பத்தோடு நின்றுவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டு முதல் கபாலா மறைஞானியர் ‘அயின்’ என்பதை இறைமையின் அறியவொண்ணா ஆழத்துக்குப் பெயராக்கினர். இல்லதிலிருந்து படைப்பு என்பது அவர்களிடம் இறைவனின் உள்ளாழத்திலிருந்து உலகம் சுரத்தல் என்று பொருள்பட்டது. எந்த மூலமும் இல்லை என்று சொல்லப் பிறந்த கொள்கை, ஒரு மூலத்தைச் சுட்டும் கொள்கையாயிற்று. அதற்கு இடந்தந்தது ஓர் உருபே.

தமிழில் நேரும் திரிபு

தமிழிலும் இதே இடர் உண்டு. ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளுக்கு நீங்கி நிற்கும் இடம் ஒன்று வேண்டும். ‘மலையிலிருந்து அருவி’ என்றால் மலை முன்னரே உண்டு. ‘இன்மையிலிருந்து உலகு’ என்றால் இன்மையும் மலைபோல் ஓரிடமாகிவிடும். அவ்விடத்தில் ‘சூனியம்’ என்ற சொல்லைப் பெய்தால் பௌத்தக் கோட்பாடு உடன் வந்து சேரும். ‘பாழ்’ என்றால் திருமந்திரத்தின் முப்பாழ் நினைவுக்கு வரும். ‘வெளி’ என்றால் சிதம்பரம் முன்னிற்கும். அம்பர்நாத் என்னும் பெயரிலுள்ள ‘அம்பரம்’ சிதம்பரத்திலும் உள்ளது. சைவர்க்கு ஆகாயம் ஐம்பூதங்களுள் ஒன்று. அது வெறுமை அன்று. ‘அயின்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்தது ஓரிரு தலைமுறையில் தமிழ்ச் சொல்லுக்கும் நேரலாம்.

இதனினும் பெரிய திரிபு காரணக் கோட்பாட்டில் நேர்வது. மைமோனிடிசு தம் ‘திகைத்தோர்க்கு வழிகாட்டி’யின் இரண்டாம் பகுதி, 13ஆம் இயலில் மூன்று கொள்கைகளை வகுக்கிறார். மோசேயின் நெறிப்படி உலகம் எதிலிருந்தும் அன்றி, முற்றான இன்மைக்குப் பின் உண்டாக்கப்பட்டது. பிளேட்டோவின் கருத்துப்படி இறைவனோடு ஒரு மூலப்பொருளும் என்றும் உண்டு. குயவனுக்கு மண்ணும் கொல்லனுக்கு இரும்பும் போல அது அவனுக்கு அமைந்தது. அரிஸ்டாட்டிலின் கருத்துப்படி உலகமே தொடக்கமற்றது.

இவற்றுள் இரண்டாவதைப் படிக்கும் தமிழ் வாசகர்க்குச் சைவ சித்தாந்தம் நினைவுக்கு வராமற் போகாது. குயவன், மண், திரிகை என்னும் உவமையால் நிமித்தகாரணமும் முதற்காரணமும் துணைக்காரணமும் விளக்கப்பெறுவதும், மாயை தொடக்கமற்ற முதற்காரணம் என்பதும், இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதமும் மெய்கண்டார் மரபில் நிலைபெற்றவை. படைப்பு, தோற்றம், காரணம் என்னும் தமிழ்க் கலைச்சொற்கள் பெரிதும் இம்மரபில் பழகியவை. எனவே மொழிபெயர்ப்பாளர் அறியாமலே மைமோனிடிசை அவர் மறுத்த இரண்டாம் அணியில் நிறுத்திவிடக்கூடும். ஹலேவியோ, தொடக்கமற்ற மூலப்பொருளையும் இவ்வுலகுக்கு முந்திய பல உலகங்களையும் ஏற்க நேரினும் யூத நம்பிக்கைக்குப் பெருங்குறை வாராது என்று இடங்கொடுத்தவர். கெர்சோனிடிசு (1288-1344) வடிவமற்ற பருப்பொருளிலிருந்து படைப்பு நிகழ்ந்ததென வாதிட்டவர். இம்மூவரையும் ஒரே தமிழ்த் தொடரால் குறித்தால் யூத மெய்யியலின் உட்பூசல் முழுவதும் மறைந்துபோகும்.

அன்மையும் இன்மையும்

இவ்விடரைத் தீர்க்கும் கருவி தமிழிலேயே உள்ளது. ‘இல்’ என்னும் அடி இருப்பை மறுக்கும்; ‘அல்’ என்னும் அடி ஒன்று மற்றொன்றாதலை மறுக்கும். ‘எதிலிருந்தும் அன்று’ என்னும்போது ‘லா மின் ஷை’ போலவே நீங்கற்றொடர் முழுவதும் மறுக்கப்படுகிறது. மைமோனிடிசின் மற்றொரு தொடரை ‘முற்றான இன்மைக்குப் பின்’ எனலாம். ஆயின் காலமும் படைக்கப்பட்டதே என்பது அவர் துணிபாதலின், ‘பின்’ என்பதற்குக் காலப்பொருள் கொள்ளலாகாது என்ற குறிப்பு வேண்டும்.

இறைவனின் பண்புகளைப் பற்றிய அவருடைய எதிர்மறைக் கோட்பாட்டுக்கும் இவ்வேறுபாடே துணை. சுவருக்குக் கண்பார்வை இல்லை என்போம். ஆயினும் சுவரைக் குருடு என்பதில்லை. பார்த்தற்கு உரியது பார்வை இழந்தாலே குருடு. ‘இறைவன் அறிவுடையன்’ என்னும் கூற்றை அவர் ‘அறியாமை உடையன் அல்லன்’ என்ற பொருளிலேயே ஏற்கிறார். இங்கு ‘அல்லன்’ என்னும் மறுப்பு, ‘அறியாமை’ என்னும் குறையை விலக்குகிறது; புதியதொரு பண்பை ஏற்றுவதில்லை. இவ்விடத்தை ‘பேரறிவாளன்’ எனப் பெயர்ப்பது பத்திமைக்குப் பொருந்தலாம். நூலாசிரியரின் வாதத்துக்குப் பொருந்தாது.

மொழிபெயர்ப்பு மரபு தரும் பாடம்

சாமுவேல் இப்னு திப்போன் ‘வழிகாட்டி’யை எபிரேயத்தில் பெயர்த்து முடித்தது, மைமோனிடிசு இறந்த 1204ஆம் ஆண்டிலேயே. சொல்லுக்குச் சொல் வைத்து மூலத்தின் வரிசையைப் பற்றி நிற்பவர் இடர்ப்படுவர். கருத்தை முதலில் உணர்ந்து பின்னர்த் தம் மொழியில் கூறவேண்டும் என மைமோனிடிசு அவருக்கு மடல் எழுதியிருந்தார். ஆயினும் இப்னு திப்போன் அரபுத் தொடரமைப்பை ஒட்டியே சென்றார். புதுச்சொற்களை விளக்க 1213இல் ஒரு சொல்லகராதியும் செய்தார். அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர் யூதா அல் ஹரீசி செய்த பெயர்ப்பு நடையழகு மிக்கது. மெய்யியலார் பெரிதும் கைக்கொண்டதோ திப்போனின் கரடுமுரடான பெயர்ப்பையே. வாதம் சொல்லிலேயே தங்கியிருக்கும் நூல்களில் இனிய நடை வாதத்தைக் கரைத்துவிடும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

உலகம் தொடக்கமற்றது என்பது காரணங்காட்டி நிறுவப்படவில்லை என்பதே மைமோனிடிசின் முதன்மை வாதம். நிறுவப்பட்டிருப்பின், இறைவனுக்கு உடல் உண்டெனத் தோன்றும் மறைவரிகளுக்கு உருவகப் பொருள் கண்டதுபோலவே படைப்பு வரிகளுக்கும் காண்பதற்குத் தடையில்லை என்பார் அவர். அத்துணை விழிப்புடன் அறிவுக்கு இடம் வகுத்த ஒருவரின் கருத்தை, முதற்காரணமான மாயையின் இடத்தில் ‘இன்மை’யை அமர்த்தும் தொடரால் கூறுவது அவர்க்கும் சித்தாந்திக்கும் ஒருங்கே இழைக்கும் பிழை. அவ்வாறு கூறக்கேட்ட சித்தாந்தி, இன்மை எவ்வாறு முதற்காரணமாகும் என மறுப்பார்; அம்மறுப்பு மைமோனிடிசைச் சாராது; மொழிபெயர்ப்பாளரையே சாரும். ‘எதிலிருந்தும் அன்று’ என்னும் தொடர் செவிக்கு இனியதன்று. எனினும் இரு மரபுகளும் உண்மையிலேயே மாறுபடும் இடத்தில் அவற்றை எதிரெதிர் நிறுத்துவது அதுவே.