பீர் கிரேட் மேல் ஒரு வீடு

வெள்ளம், பூகம்பம் என்று எது வந்தாலும் சட்டென்று தூக்கிப் போய் விரித்துத் தங்கக்கூடிய வீடு. டிசைன் உலகத்துக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு இது. ஒன்று குடை மாதிரி விரியும், இன்னொன்று பலூன் மாதிரி ஊதிக்கொள்ளும். படத்தைப் பார்த்தால் அசந்துவிடுவீர்கள். ஆனால், உள்ளே அடுப்பு எங்கே என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

அந்த அடுப்பை வைத்துத்தான் மார்க் போடவேண்டும் என்பது என் கட்சி.

முதலில், ‘பெட்டர் ஷெல்டர்’. ஐகியா ஃபவுண்டேஷன் உதவியோடும் ஐ.நா. அகதிகள் அமைப்பின் கூட்டோடும் ஸ்வீடனில் பிறந்தது. பெட்டியில் வந்து இறங்கும். நாலு பேர் சேர்ந்தால் ஒரே நாளில் மாட்டிவிடலாம். 17.5 சதுர மீட்டர். சூரிய ஒளி விளக்கு உண்டு. முக்கியமாக, பூட்டுப் போடக் கதவு உண்டு. கூடாரத்தில் ராத்திரி தூங்க பயப்படும் ஒரு பெண்ணைக் கேளுங்கள், அந்தப் பூட்டின் அருமை தெரியும். அதற்கே ஒரு சபாஷ். 2016-க்கான சிறந்த டிசைன் என்று லண்டன் டிசைன் மியூசியமும் கொண்டாடியது. ஆனால், அதற்கு முன்பே, 2015 டிசம்பரில் ஜூரிச் நகரம் தீச்சோதனை செய்து பார்த்து, இது சுலபமாகப் பற்றிக்கொள்கிறது, வேண்டாம் என்று கழித்துவிட்டது. பிற்பாடு டிசைனைத் திருத்தினார்கள்.

அடுத்து, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான். 1995 கோபே பூகம்பத்தின்போது காகிதக் குழாய்களை வரிசையாக நிறுத்திச் சுவர் எழுப்பினார். மணல் நிரப்பிய பீர் கிரேட்டுகள்தான் அஸ்திவாரம்! 1999-ல் துருக்கி குலுங்கியது. அங்கே குடும்பங்கள் பெரிசு, குளிரும் ஜாஸ்தி. வீட்டைப் பெரிதாக்கி, குளிர் தாங்க குழாய்க்குள் கிழித்த காகிதத்தை அடைத்தார். 2001-ல் குஜராத். மதுவிலக்கு மாநிலத்தில் பீர் கிரேட்டுக்கு எங்கே போவது? இடிந்த வீடுகளின் கல்லும் கட்டியுமே அஸ்திவாரம் ஆயின. மேலே மண் தரை, மூங்கில் கூரை. முகப்பில் காற்றுப் போக வழி. உள்ளேயே சமைக்கலாம். போகிற புகை கொசுவையும் விரட்டிவிட்டுப் போகும்.

அடுப்பு வந்துவிட்டது, பாருங்கள். என் கணக்கில் பான் பாஸ்!

ஆனால், காமர்ஸ் படித்தவன் இன்னொரு கணக்கும் பார்த்தாக வேண்டும். ஆயிரக்கணக்கில் வீடு தேவைப்பட்ட இடங்களில் அவர் கட்டியது சில டஜன்தான். ஃபாக்டரிப் பெட்டியோ கப்பல் கப்பலாகப் போகும். மழை கொட்டும்போது எண்ணிக்கையும் கருணைதான்.

அப்படியானால் யார் சரி? பதிலை பெட்டர் ஷெல்டர்காரர்களே சொல்லிவிட்டார்கள். ‘ஸ்ட்ரக்சர்’ என்ற பெயரில் வெறும் இரும்புச் சட்டத்தை மட்டும் அனுப்ப ஆரம்பித்தார்கள். சுவரும் கூரையும் அந்தந்த ஊர்ச் சரக்கு. மூங்கிலோ, மண்ணோ, அங்கே இருப்பவர்கள் பாடு. பான் போன பாதைதான்!

தற்காலிகம் என்று குடியேறியவர்கள் வருஷக்கணக்கில் அங்கேயே கிடப்பதுதான் உலக வழக்கம். ஆகவே அடுத்தமுறை இப்படி ஒரு வீட்டின் படத்தைப் பார்த்தால், எத்தனை நிமிஷத்தில் விரிகிறது என்று கேட்காதீர்கள். மூன்றாவது மழைக்காலத்தில் கூரை ஒழுகினால், உள்ளே இருக்கிற அம்மா யாரையும் கேட்காமல், பக்கத்தில் கிடைப்பதை வைத்து அடைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

முடியும் என்றால் அது வீடு. முடியாதென்றால் வெறும் பெட்டி. எத்தனை பரிசு வாங்கியிருந்தாலும்!