சூடாக நின்ற எஞ்சின்

நெல்லியடிப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் அந்த யமஹா டிடி 125 நின்றது. உயரமான மட்கார்ட், வெள்ளை டாங்கி, முன்சில்லில் புது டயர். "ஒரு உதைதான் தம்பி, அடிச்சுப் பாருங்கோ" என்றார் விற்கிறவர். அடிக்க முன்னம் சிலிண்டரின் செதில்களில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. நான் வர முதலே அதை ஓட்டி நிறுத்தியிருக்கிறார். ஒரு உதையில் ஸ்டார்ட் ஆனது உண்மை. ஆனால் இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சின் காலையில் என்ன செய்யும் என்பதைத்தான் நான் பார்க்க வந்தேன். அதைப் பார்க்காமலே திரும்பினேன்.

பழைய டூ ஸ்ட்ரோக் ட்ரெயில் பைக் ஒன்றை யாழ்ப்பாணத்தில் வாங்கலாமா என்று கேட்கிற பொடியன்மாருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஆனால் வாங்கலாமா, வேண்டாமா என்ற அந்தக் கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது.

ஆதரவாகச் சொல்லப்படும் முதல் நியாயம் எளிமை. அது உண்மையான நியாயம். டிடி 125, சுசுகி டிஎஸ் 125 போன்ற பழைய காற்றுக் குளிர்ச்சி வண்டிகளின் எஞ்சின் தலையில் வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் சேன் இல்லை. 56 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பிஸ்டன் 50 மில்லிமீற்றர் ஏறி இறங்குகிறது. வாசல்களைத் திறப்பதும் மூடுவதும் அதே பிஸ்டன்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு என்பதால் 123 சிசி எஞ்சின் அதே அளவு ஃபோர் ஸ்ட்ரோக்கை விட முரட்டுத்தனமாக இழுக்கும். சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்து 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் கூட்டிப் போர் அடித்து, அதற்கேற்ற பிஸ்டனைப் போடலாம்.

இந்த வேலைக்குக் குடாநாட்டில் கை உண்டு. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. கரி பிடித்த சைலன்சரைக் கழற்றி நெருப்பில் காய்ச்சித் தட்டி எடுப்பது அன்று வாராந்த வேலை. அந்தத் தலைமுறை மெக்கானிக்மார் சிலர் இன்னும் கராஜில் இருக்கிறார்கள். கடற்கரையில் இருப்பவர்களையும் மறக்கக்கூடாது. குருநகரிலும் மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் வெளியிணைப்பு இயந்திரம் திருத்துகிறவர்களுக்கு டூ ஸ்ட்ரோக்கின் மூச்சு தெரியும்.

ஆனால் கடற்கரையிலிருந்து அறிவை எடுக்கலாம், எண்ணெயை எடுக்கக்கூடாது. படகு இயந்திரத்துக்கான டூ ஸ்ட்ரோக் எண்ணெய், கடல்நீரால் குளிர்ந்து குறைந்த சூட்டில் ஓடும் எஞ்சினுக்குச் செய்யப்பட்டது. காற்றில் குளிரும் பைக்கின் சூட்டில் அது போதாது. ரிங் பள்ளங்களில் கரி இறுகி, ரிங் அசைய முடியாமல் ஒட்டிக்கொள்ளும். போத்தலில் ஜேஏஎஸ்ஓ எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள். டாங்கியில் கலப்பதானால் ஒரு லீற்றருக்கு 25 மில்லிலீற்றர், அதாவது 40க்கு 1. எண்ணெய் பம்ப் உள்ள வண்டி என்றால் விற்கிறவரிடம், பம்ப் வேலை செய்கிறதா, அடைத்துவிட்டீர்களா என்று நேராகக் கேளுங்கள். அடைத்த பம்பை நம்பி வெறும் பெற்றோல் ஊற்றினால் சில கிலோமீற்றரிலேயே பிஸ்டன் பிடிக்கும்.

எனக்கும் ஒருமுறை பிஸ்டன் பிடித்தது, வேறு காரணத்தால். நான் பிறகு வாங்கிய டிஎஸ் 125 ஆனையிறவு தாண்டிப் பரந்தனை நெருங்கும்போது, அக்சிலரேற்றர் முழுத் திருகலில் இருக்க, பின்சில்லு இறுகி வழுக்கியது. கிளச்சைப் பிடித்ததால் விழவில்லை. கழற்றியபோது வெளியேற்று வாசல் பக்கம் பிஸ்டனில் நான்கு நீளக் கீறல், அலுமினியம் உருகித் தேய்ந்த வெள்ளி நிறத்தில். மூலகாரணம் மாக்னட் பக்கத்துக் கிராங்க் சீல். இறப்பர் காய்ந்து வெடித்து அதன் வழியாகக் காற்று இழுத்திருக்கிறது. காற்று கூடினால் கலவை வறளும், வறண்டால் சூடேறும். சேற்றிலும் மேட்டிலும் விட்டு விட்டு முறுக்க வடிவமைத்த எஞ்சினை, வளைவே இல்லாத ஏ9 தார் வீதியில் நண்பகல் வெயிலில் இருபது நிமிடம் முழுத் திருகலில் ஓட்டியது என் பிழை. சீலைப் பார்க்காமல் வாங்கியதும் என் பிழைதான்.

இந்தச் சீலைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு ஒருமுறை முறுக்கித் திருகலை விடுங்கள். வேகம் உடனே இறங்காமல் தொங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. கிளச் பக்கத்துச் சீல் போனால் அறிகுறி வேறு: கியர் எண்ணெய் குறைந்துகொண்டே வரும், சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காது, புகையில் கியர் எண்ணெயின் வாசம் இருக்கும். பிளக்கைக் கழற்றினால் முனை கோப்பி நிறமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பேரம் பேசுவதை நிறுத்துங்கள்.

நீர்க் குளிர்ச்சி வண்டிக்கு யாழ்ப்பாணத்தில் தனி ஆபத்து ஒன்று உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளை, ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள் பலவற்றின் சிலிண்டரில் நிக்கல் பூச்சு இருக்கும். அதை எங்கள் லேத்தில் போர் அடிக்க முடியாது. கடற்காற்று ஆரையையும் சைலன்சரையும் தின்பது எல்லா வண்டிக்கும் பொதுவானது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவினால் சமாளிக்கலாம்.

எஞ்சினை விடப் பெரிய பிரச்சினை காகிதம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. பாகங்களாகக் கொண்டுவந்து பொருத்தி, செத்துப்போன இன்னொரு பைக்கின் இலக்கத்தை மாட்டிய வண்டிகள் இந்தச் சந்தையில் உண்டு. செசி இலக்கத்தின் மேல் புதுப் பெயின்ற் இருந்தால் சுரண்டிப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கத்துக்கும் அப்படியே. "ஓப்பின் பேப்பர்தான், பிறகு மாத்தலாம்" என்று சொல்லி, உரிமை மாற்றாமல் விற்கப்படும் வண்டியை எவ்வளவு மலிவென்றாலும் தொடக்கூடாது. எஞ்சின் பிழையைப் பணத்தால் திருத்தலாம். செசி இலக்கம் பிழையென்றால் வழக்கும் பறிமுதலும்தான். 100 சிசிக்கு மேல் என்பதால் ஏ1 போதாது, ஏ வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் பலர் வாங்கிய பிறகே அறிகிறார்கள்.

செலவும் புகையும் எதிர்த்தரப்பின் வலுவான சாட்சிகள். டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் புதுக் கலவையின் ஒரு பங்கு எரியாமலே வெளியேற்று வாசலால் போய்விடும். 2008இலிருந்து இலங்கை டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நிறுத்தியதற்கு இந்தப் புகைதான் காரணம். இந்த வகை 125 லீற்றருக்கு 25 முதல் 30 கிலோமீற்றர் தரும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்தது நினைவிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு இரண்டு தரம் போய்வர அது காணாது. ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்பிளென்டர் வைத்திருந்த அயலவர் அதே 4 லீற்றரில் வாரம் முழுக்க வேலைக்குப் போனார்.

சரி, இந்த வண்டிக்கு ஏற்ற நிலம் இங்கே எது? வலிகாமம் தட்டையான செம்மண். ஒழுங்கைகளில் பெரும்பாலானவை கொங்கிறீற் அல்லது தார். கார்த்திகை மழையில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் உயரமான வண்டி உதவும், வருடத்தில் சில வாரங்கள். அது உண்மையில் துள்ளக்கூடிய இடம் மணற்காட்டு மணல்மேடுகள். பழைய அந்தோனியார் கோயிலின் இடிபாடுகள் மணலுக்குள் புதைந்து நிற்கும் அந்த இடத்தில் ஓட்ட எனக்கும் கை துடித்தது. ஆனால் அந்த மேடுகளைப் பிடித்து வைத்திருப்பவை இராவணன் மீசையும் அடம்பன் கொடியும். கட்டை டயர் ஒருமுறை கீறினால் வேர் அறும். வேர் அறுந்த மணலைச் சோளகக் காற்று கொண்டுபோய்விடும். கடலுக்கும் ஊருக்கும் இடையில் வேறு மதில் இல்லை. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. அங்கே கேள்விக்கே இடமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படி உயரமான பைக்குகளில் இராணுவம் இருவர் இருவராக ஒழுங்கைகளில் ரோந்து வந்த காலத்தில், அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டில் படலையைச் சாத்துவார்கள். என் அம்மா இன்றைக்கும் என் வண்டி திரும்பும் சத்தத்துக்கு ஒரு கணம் நின்று கேட்பார். இரவில் சைலன்சரைக் கழற்றி ஓட்டுகிற பொடியன்மார் இதை அறிந்திருக்க வேண்டும்.

என் முடிவு இது. வேலைக்கும் பள்ளிக்கும் போக ஒரே வண்டிதான் வைத்திருக்க முடியும் என்றால் பழைய டூ ஸ்ட்ரோக் வேண்டாம். வீட்டில் ஓடுகிற ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்று இருந்து, தன் கையால் கழற்றிப் பூட்டும் ஆசையும் பொறுமையும் இருந்தால், காற்றுக் குளிர்ச்சியும் போர் அடிக்கக்கூடிய சிலிண்டரும் உள்ள டிடி 125 அல்லது டிஎஸ் 125 வாங்கலாம். இலக்கம் பொருந்த வேண்டும், உரிமை உங்கள் பெயருக்கு மாறிய பிறகே முழுப்பணம் கொடுக்க வேண்டும். இரண்டு கிராங்க் சீலும் பிஸ்டனும் ரிங்கும் மாற்றிப் போர் அடிக்கத் தேவையான காசை விலையோடு சேர்த்து முன்கூட்டியே ஒதுக்குங்கள். அந்தக் காசு இல்லையென்றால் வண்டி வாங்கக் காசு இல்லை என்றே கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும் நாளில் விடியவே போங்கள், முன்கூட்டி நேரம் சொல்லாமல். முதலில் சிலிண்டரில் கையை வையுங்கள்.