வீடும் வேலையும்: 'வீடற்றவன்' நாவலை முன்வைத்து

மலையகத் தொழிலாளரைப் பொருளாகக் கொண்டு எழுந்த கதைகளுட் பல நம்மிடம் கண்ணீரை மட்டுமே வேண்டி நிற்கின்றன. கண்ணீர் தவறன்று, ஆயின், அது போதாது. புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'யை வகுப்பிலே படிப்பித்தபோது மாணவனொருவன் கேட்ட கேள்வி நம்மை விட்டு அகலவில்லை: "ஏன் சேர், அவர்கள் துரையிடமே நேரே போய் நியாயம் கேட்டிருக்கலாமே?"

இக்கேள்விக்கு விடை தரும் நூல் சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' ஆகும். தோட்டத்திலே சங்கம் அமைக்க முற்பட்ட தொழிலாளி வேலையோடு இருப்பிடத்தையும் இழப்பதே நாவலின் கரு. தலைப்பிலேயே ஆசிரியரின் சமுதாய நோக்குப் புலனாகின்றது.

நகரத்து ஆலைத் தொழிலாளி வேலையை இழந்தால் கூலியை இழந்தான். தோட்டத் தொழிலாளியோ பற்றுச்சீட்டைக் கையில் வாங்கியதும் லயன் அறையையும் அயலவரையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே இழந்தான். கூலி கொடுப்பவனும் கூரை கொடுப்பவனும் ஒருவனேயானால், தனித்து நிற்பவன் எதைக்கொண்டு பேரம் பேசுவான்? கொழுந்தின் நிறை குறைந்ததென்று அரைப்பேர் போட்டதை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டாலே குடும்பம் தெருவுக்கு வரலாம். ஆனால், ஒருவனை விரட்டும் துரையால் எல்லோரையும் விரட்ட முடியாது. கொழுந்து காத்திராது, உரிய நாளிற் பறிக்காவிடின் முற்றிவிடும், தொழிற்சாலையும் நின்றுவிடும். சங்கத்தின் வலு இந்த எளிய உண்மையிலே தங்கியுள்ளது.

இதனை வெறும் பிரசாரம் என்று தள்ளிவிடும் விமர்சகர்களும் உளர். அவர்கள் வரலாற்றைச் சற்றே நோக்கவேண்டும். 1931இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானான். வேலுப்பிள்ளையும் தொழிற்சங்கவாதியே, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தாம் பழகிய வாழ்வையே அவர் எழுதினார். சங்கம் அவரது நாவலிலே மேடையிலிருந்து இறக்குமதியான சுலோகமன்று. லயத்து வாழ்வின் நெருக்குதலிலிருந்து முளைத்த தேவை.

எனினும், இந்நூலைப் பாராட்டுவதோடு நமது கடமை முடிந்துவிடாது. சங்கம் அமைப்பதற்கான போராட்டத்தை 'வீடற்றவன்' காட்டிற்று. அமைந்த சங்கங்கள் பலவாகிக் கட்சிவழி பிளவுண்டு, சந்தாப் பணத்துக்காகத் தம்முட் போட்டியிடும் காலத்தை எழுதும் பொறுப்பு இன்றைய எழுத்தாளருடையது. 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக நிர்ணயித்ததைத் தொடர்ந்து, தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தினின்றும் விலகிக்கொண்டன. சம்பளத்தைச் சட்டம் விதிக்கலாம். ஆனால், நாளொன்றுக்கு எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை நாள் வேலை என்பன போன்ற அன்றாட விடயங்களைத் துரையோடு பேசித் தீர்க்க வலுவுள்ள அமைப்பு வேண்டும். பிளவுண்ட சங்கங்களால் அவ்வலு குன்றுமென்றால், அதற்கு மருந்து சங்கத்தைக் கைவிடுவதன்று. அதனைத் தொழிலாளரின் கையிலேயே மீண்டும் ஒப்படைப்பதாகும்.

கேள்வி கேட்ட அம்மாணவனுக்கு 'வீடற்றவன்' நூலைக் கொடுத்தோம். படித்து முடித்தபின் அவன் வேறொரு கேள்வியோடு வந்தான்: "எல்லோரும் சேர்ந்து போயிருந்தால்?" இலக்கியத்தின் பயன் இத்தகைய கேள்விகளை எழுப்புவதே.