வளைந்து கொடுக்கும் எஃகு

பின்கால்கள் அற்றதை நாற்காலி என்பது பெயருக்கே முரண்தான். அதனை எஃகுக் குழாயில் முதலில் அமைத்தவர் டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம். 1926இல் அவர் எரிவாயுக் குழாய்களை மூட்டுகளால் இணைத்தார். ஆனால் அது விறைத்தே நின்றது. 1927இல் ஸ்டுட்கார்ட் கண்காட்சியில் மீஸ் வான் டெர் ரோ குழாயை அரைவட்டமாக முன்னே வளைத்தார். அமர்ந்தவர் பாரத்துக்கு அது இசைந்து கொடுத்தது. 1932இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் நேர்கோட்டு வடிவின் கலையுரிமை ஸ்டாமுக்கே உரியதெனத் தீர்த்தது. இன்சாபான தீர்ப்பே, எனினும் வடிவத்துக்குரிய புகழைச் சுகத்துக்கும் சேர்த்து அவருக்கே வழங்குவோரின் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. மீஸின் முன்வளைவோ எழுவோர் காலை இடறும். 1928இல் மார்செல் பிராயர், அசையும் குழாய்மீது மரச்சட்டத்தையும் பிரம்புப் பின்னலையும் பொருத்தினார். குளிர்ந்த உலோகம் முதுகைத் தீண்டாத அதனையே நாம் முதன்மையாகக் கொள்வோம். முதியோருக்காயின், கைப்பிடியுள்ள வகையை.