தலைவன் கூற்று மட்டும்: ஆஸ்குவித்தின் போர்க்காலக் காதற்கடிதங்கள்

பிரித்தானியப் பிரதமர் ஹெர்பர்ட் ஹென்றி ஆஸ்குவித் 1912 முதல் 1915 வரை வெனிஷியா ஸ்டான்லிக்கு எழுதிய கடிதங்கள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றின் தேர்ந்த தொகுதியை மைக்கேல் பிராக், எலினார் பிராக் ஆகியோர் 1982இல் பதிப்பித்தனர். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது ஆஸ்குவித்தின் வயது 61. வெனிஷியாவின் வயது 26.

இக்கடிதங்கள் வரலாற்றுச் சான்றாக உயர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பிரித்தானிய அமைச்சரவைக்குச் செயலகம் அமைந்தது 1916 டிசம்பரில்தான். அதற்கு முன் கூட்டக் குறிப்புகள் எழுதப்படவில்லை. பிரதமர் மன்னருக்கு எழுதிய கடிதமே அலுவல்முறைப் பதிவாக இருந்தது. ஆகவே, சிலவேளை கூட்டம் நடக்கும்போதே எழுதப்பட்ட காதற்கடிதங்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. படை நகர்வும் அமைச்சர் பூசலும், விருந்தும் வாசிப்பும், பிரிவின் ஏக்கமும் ஒரே தாளில் அடுத்தடுத்து வருகின்றன.

ஆயினும் இவற்றைக் கூட்டக் குறிப்புகளாகக் கொள்வது பிழை. போர் இரகசியம் இங்குச் செய்தியாக மட்டும் நில்லாது, நம்பிக்கையின் அடையாளமாகிய கையுறையாகவும் அமைகிறது. பெறுபவரை மகிழ்விக்கும் நோக்கமே எதைச் சொல்வது, எவரை எள்ளுவது என்பதைத் தீர்மானிக்கிறது. நெடுநல்வாடையில் வேம்பு சூடிய வேல் என்னும் ஒரு குறிப்பைக் கொண்டே நச்சினார்க்கினியர் அப்பாடலைப் புறம் என்றார். இக்கடிதங்களிலோ புறச்செய்தி நிறைந்திருந்தும் கூற்றின் நோக்கம் அகமாகவே உள்ளது. மேலும், வெனிஷியாவின் மறுமொழிகள் கிடைத்தில. எஞ்சியது தலைவன் கூற்று மட்டுமே.

1915 மே 12ஆம் நாள், தம் அமைச்சரவையைச் சேர்ந்த எட்வின் மாண்டேகுவை வெனிஷியா மணக்கவிருப்பதை ஆஸ்குவித் அறிந்தார். வெடிகுண்டுப் பற்றாக்குறை குறித்த கண்டனம், கடற்படைத் தலைவர் ஃபிஷரின் பதவி விலகல் ஆகியன அவ்வாரத்திலேயே நிகழ்ந்தன. மே 25இல் கூட்டணி அரசு அமைந்தது. காதல் முறிவே லிபரல் அரசின் முடிவுக்குக் காரணம் எனக் காட்டுவது எளிது. ஆனால், மனத்துயரை உரக்கச் சொல்லும் சான்று கைக்கு எட்டுவதாலேயே அது அரசியல் காரணங்களினும் வலியதாகிவிடாது. முறிவோடு நாள்தோறும் எழுதும் வழக்கமும் நின்றது. கூட்டணி அரசின் உள்விவகாரங்களை அறிய வேண்டிய காலத்தில் இச்சான்று மௌனமாகிறது. அம்மௌனத்தையும் சேர்த்து வாசிப்பதே ஆய்வாளர் கடன்.